ஃபீஸ் இல்லாத வழக்கு

கேள்வி: "என் மகள் அமெரிக்காவில் சட்டம் படித்து முடித்து, நியூயார்க்கில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறாள். வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் ஏழைகளுக்கு இலவசமாக வேலை பார்க்கச் சொல்லி நிறுவனமே ஊக்குவிக்கிறதாம். கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவர்கள் இதை எதற்குச் செய்கிறார்கள்? உண்மையிலேயே யாருக்காவது பயன்படுகிறதா? நம் ஊரில் இப்படி உண்டா?"

நான் மதுரையில் வக்கீல். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏழைகளுக்கு அரசு செலவில் வக்கீல் தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் பல வருஷம் இருந்தவன். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு அம்மா என்னிடம் கேட்ட கேள்வியைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வந்த முதல் சட்ட உதவி வழக்கு ஒரு திருட்டு வழக்கு. பையனுக்குப் பத்தொன்பது வயது, உள்ளே இருந்தான். அவன் அம்மா பூக்கட்டி விற்பவர். கோர்ட் வாசலில் என்னைப் பிடித்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த இருநூறு ரூபாயைக் கையில் திணித்தார். "வேண்டாம்மா, இது இலவசம், அரசாங்கம் எனக்குக் கொடுத்துவிடும்" என்றேன். அவர் கையை எடுக்கவில்லை. "காசு வாங்காம எப்படி சார் எனக்காகப் பேசுவீங்க? இதுக்கு முந்தி இருந்த வக்கீலும் இலவச வக்கீல்தான். மூணு வாய்தாவுக்கு வரவே இல்லை" என்றார். அந்த அம்மாவுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. வழக்கு என் கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகியும் நான் அந்தப் பையனைச் சிறையில் போய்ப் பார்த்திருக்கவில்லை. மறுநாள் போனேன்.

காசு இல்லாமல் கிடைக்கும் வக்கீல் அரை மனசு வக்கீலாகத்தான் இருப்பார் என்று ஏழை நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பலமுறை அவர்கள் கண்டது அதைத்தான். அமெரிக்கச் சட்ட நிறுவனங்களின் இலவச வேலையைப் பற்றி நான் படித்ததிலும், அங்கே வேலை பார்க்கும் நண்பர்களிடம் கேட்டதிலும் என்னை ஈர்த்தது அவர்களுடைய தாராள மனசு அல்ல. காசு வாங்காத வழக்கையும் காசு வாங்கிய வழக்கைப் போலவே நடத்தும்படி ஓர் அமைப்பைக் கட்டியிருக்கிறார்கள். அது ஓடுகிற இடத்தில் நல்லது நடக்கிறது, உடைகிற இடத்தில் வக்கீலை நம்பி வந்த கட்சிக்காரர் உயிரே ஊசலாடுகிறது. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் விதி. இந்த வேலைக்கு அங்கே 'ப்ரோ போனோ' என்று பெயர். லத்தீன் சொல், பொதுநலனுக்காக என்று அர்த்தம். ஒவ்வொரு வக்கீலும் வருஷத்துக்குக் குறைந்தது 50 மணி நேரம் இப்படி வேலை செய்ய வேண்டும், அதில் பெரும்பகுதி வசதியில்லாதவர்களுக்குப் போக வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி சொல்கிறது. செய்யாவிட்டால் தண்டனை கிடையாது, இது ஓர் இலக்குதான். நியூயார்க் மாநிலம் மட்டும் ஒரு படி மேலே போனது. அங்கே வக்கீலாகப் பதிவு செய்ய வருகிறவர்கள், பதிவுக்கு முன்பே 50 மணி நேரம் இலவசச் சட்ட வேலை செய்திருக்க வேண்டும். 2012-ல் அறிவித்து, 2015 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உங்கள் மகள் அந்த மாநிலத்தில் பதிவு செய்திருந்தால் அந்த 50 மணி நேரத்தை முடித்திருப்பாள். எங்கே செய்தாள் என்று கேட்டுப் பாருங்கள், நல்ல கதை ஏதாவது வரும்.

நிறுவனங்களுக்கென்று தனியாக ஓர் உறுதிமொழி உண்டு. 1993-ல் தொடங்கியது. கையெழுத்துப் போடும் பெரிய நிறுவனம், கட்சிக்காரர்களிடம் கட்டணம் வாங்கிச் செய்யும் மொத்த மணி நேரத்தில் 3 அல்லது 5 சதவீதத்துக்குச் சமமான நேரத்தை இலவச வேலைக்கு ஒதுக்க வேண்டும். ஒரு ஜூனியர் வருஷத்துக்கு 2,000 மணி நேரத்துக்குக் கணக்கு எழுதுகிறார் என்றால் அது 60 அல்லது 100 மணி நேரம்.

இங்கே ஒரு சின்ன விஷயம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அந்த ஜூனியர் ஏழைக்காகச் செலவழித்த 60 மணி நேரம், போனஸும் பதவி உயர்வும் கணக்கிடும்போது சேருமா, சேராதா? சேரும் என்றால் அந்த வழக்கைப் பகலில், முழு மூளையோடு பார்ப்பார். சேராது என்றால் ராத்திரி பதினோரு மணிக்கு, கண் எரிய, கடைசியாக அந்த வழக்குக் கட்டைத் திறப்பார். இலவச வேலை நன்றாக நடக்கும் நிறுவனங்களில் இந்த மணி நேரத்தையும் கட்டண மணி நேரத்துக்குச் சமமாக எண்ணுகிறார்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் சிரிக்கும் குழந்தைகளின் படம் இருக்கிறதா என்பதை விட, இந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் என்று பார்த்தாலே அவர்கள் எவ்வளவு உண்மையாக இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1961-ல் ஃபுளோரிடா மாநிலத்தில் பனாமா சிட்டி என்ற ஊரில் ஒரு விளையாட்டு விடுதியை உடைத்துத் திருடியதாக கிளாரன்ஸ் எர்ல் கிடியன் என்பவரைக் கைது செய்தார்கள். அவர் நீதிபதியிடம் தனக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்கு இல்லையென்றால் அரசு செலவில் வக்கீல் தர மாநிலச் சட்டத்தில் இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். தானே வாதாடித் தோற்று, ஐந்து வருஷ தண்டனை வாங்கினார். சிறையில் உட்கார்ந்து பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். நீதிமன்றம் மனுவை எடுத்துக்கொண்டு, அவருக்காக வாதாட வாஷிங்டனின் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் பார்ட்னராக இருந்த ஏப் ஃபோர்டாஸை நியமித்தது. ஃபீஸ் கிடையாது. ஃபோர்டாஸ் தன் நிறுவனத்தின் முழு பலத்தையும் அந்த வழக்கில் இறக்கினார். 1963 மார்ச்சில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: கடுமையான குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் தந்தாக வேண்டும்.

அதோடு முடியவில்லை. அந்த ஆகஸ்டில் மறுவிசாரணை நடந்தபோது கிடியனுக்காக நின்றவர் ஊரைத் தெரிந்த உள்ளூர் வக்கீல் ஒருவர். முக்கிய சாட்சியைக் குறுக்கு விசாரணையில் திணறடித்தார். ஜூரி விடுதலை செய்தது. அதே குற்றச்சாட்டுதான், அதே ஆள்தான், இந்த முறை பக்கத்தில் ஒரு வக்கீல் இருந்தார்.

அதே 1963 ஜூனில் அதிபர் கென்னடி 244 வக்கீல்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக நீதிமன்றத்தில் நிற்க ஆளில்லை, தனியார் வக்கீல்கள் இறங்க வேண்டும் என்று கேட்டார். சிவில் உரிமைகளுக்கான வழக்கறிஞர் குழு அதிலிருந்து பிறந்தது. 1970-ல் ஹோகன் அண்ட் ஹார்ட்சன் என்ற வாஷிங்டன் நிறுவனம், இலவச வழக்குகளுக்கென்றே தனித் துறையைத் திறந்தது. அதுவரை தனிமனிதர்களின் நல்ல குணமாக இருந்தது, அப்போதிருந்து மெல்ல மெல்ல அலுவலக வேலையாக மாறியது. பலருக்கு 'அலுவலக வேலை' என்ற சொல் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். மனுஷனுக்கு நல்ல குணம் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. அலுவலகத்தில் தேதி எழுதிய நோட்டு இருந்தால் வாய்தா தவறாது.

சரி, கிடியன் தீர்ப்புதான் வந்துவிட்டதே, பிறகு எதற்கு இலவச வக்கீல்? அந்தத் தீர்ப்பு குற்ற வழக்குகளுக்கு மட்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு, குழந்தையின் பொறுப்பு யாருக்கு என்ற வழக்கு, கடன் வழக்கு, உதவித்தொகை நின்றுபோன வழக்கு, நாடு கடத்தும் வழக்கு, இதற்கெல்லாம் அரசு செலவில் வக்கீல் கேட்கப் பொதுவான உரிமை அங்கே இல்லை. வாடகை வழக்குகளுக்கு மட்டும் சில நகரங்கள் சட்டம் போட்டிருக்கின்றன. 2017-ல் முதலில் செய்தது நியூயார்க் நகரம். அமெரிக்க அரசின் நிதியில் இயங்கும் சட்ட சேவைகள் கழகம் 2022-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. குறைந்த வருமானம் உள்ளவர்களின் முக்கியமான சிவில் சட்டப் பிரச்சினைகளில் 92 சதவீதத்துக்கு உதவியே கிடைக்கவில்லை, அல்லது போதுமான உதவி கிடைக்கவில்லை என்றது அந்த ஆய்வு. உலகத்திலேயே வக்கீல்கள் நிறைந்த நாடுகளில் ஒன்றின் நிலைமை இது.

இதில் என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியாதது குடியேற்ற நீதிமன்றம். பெற்றோர் துணையில்லாமல் எல்லை தாண்டி வந்த ஒரு குழந்தை, எட்டு வயதோ பத்து வயதோ, நாடு கடத்தும் விசாரணையில் நீதிபதி முன்னால் நிற்கும்போது, அரசு செலவில் வக்கீல் கேட்கும் உரிமை அதற்கு இல்லை. எதிர்ப்பக்கத்தில் அரசுக்கு வக்கீல் உண்டு. இந்தக் குழந்தைகளுக்காகவே 2008-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் நடிகை ஏஞ்சலினா ஜோலியும் சேர்ந்து 'கைண்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெரிய சட்ட நிறுவனங்களின் வக்கீல்களைப் பிடித்து, பயிற்சி கொடுத்து, ஒரு குழந்தைக்கு ஒரு வக்கீல் என்று சேர்த்துவிடுகிறார்கள். கம்பெனிகளை இணைக்கும் ஒப்பந்தம் எழுதும் வக்கீல், ஹோண்டுராஸிலிருந்து வந்த ஒரு சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் ஊரில் என்ன நடந்தது என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டு எழுதிக்கொண்டிருப்பார்.

கம்பெனி வக்கீலுக்கு அகதிச் சட்டம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, தெரியாதுதான். அதனால்தான் இந்த வேலை மூன்று கைகளில் நடக்கிறது. மக்களோடு இருக்கும் ஒரு சட்ட உதவி அமைப்பு, முதலில் ஆட்களைச் சந்தித்து, எந்த வழக்கு நிற்கும், யாருக்கு அவசரம் என்று பிரித்துப் பார்க்கும். வழக்கு அங்கிருந்துதான் நிறுவனத்துக்கு வரும். நிறுவனம் தன் கட்சிக்காரர் பட்டியலோடு ஒப்பிட்டு, எதிர்த்தரப்பு தங்களிடம் ஏற்கெனவே இருப்பவரா என்று பார்க்கும். மோதல் இல்லையென்றால், கட்டணக் கட்சிக்காரருக்குக் கொடுப்பது போலவே எழுத்தில் ஒப்பந்தக் கடிதம் கொடுக்கும். ஜூனியரை ஒரு பார்ட்னர் மேற்பார்க்க வேண்டும். சட்ட உதவி அமைப்பின் அனுபவசாலி ஒருவர் மனுவைப் படித்துத் திருத்துவார். மொழிபெயர்ப்பாளர் செலவு, டாக்டர் சான்றிதழ் செலவு, பயணச் செலவு எல்லாம் நிறுவனத்தின் கணக்கில். தவறு நடந்தால் ஈடுகட்டும் தொழில் காப்பீடும் உண்டு.

இந்த ஏற்பாட்டில் ஆட்கள் அதிகம் கவனிக்காதது முதல் கை. அந்தச் சிறிய அமைப்பு இல்லாவிட்டால் நிறுவனத்தில் ஆயிரம் வக்கீல் இருந்தும் பயனில்லை. பாதிக்கப்பட்டவர் ஐம்பதாவது மாடிக்கு லிஃப்டில் ஏறிப் போய்க் கதவைத் தட்ட மாட்டார். அவர் சர்ச்சில் சொல்வார், பள்ளிக்கூடத்தில் சொல்வார், ஆஸ்பத்திரியில் சொல்வார். அங்கே கேட்க ஓர் ஆள் வேண்டும்.

ஆஸ்பத்திரி என்றதும் பாஸ்டன் ஞாபகம் வருகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். பாஸ்டன் சிட்டி ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவராக இருந்த பேரி சக்கர்மன், மூச்சிரைப்போடு வரும் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்து அனுப்புவார். குழந்தை மறுபடி வரும். வீட்டுச் சுவரில் ஈரம், பூஞ்சை. வீட்டுக்காரர் சரிசெய்ய மாட்டார். இதற்கு எந்த மருந்து எழுதுவது? 1993-ல் ஆஸ்பத்திரியிலேயே ஒரு வக்கீலை வைத்தார்கள். வீடு குடியிருக்கத் தகுதியாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதைக் காட்டி வீட்டுக்காரருக்கு ஒரு வக்கீல் கடிதம் போனால் வேலை நடக்கிறது. இன்று அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் இப்படி டாக்டரும் வக்கீலும் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். பல இடங்களில் அந்த வழக்குகளைச் சட்ட நிறுவனங்களின் ஜூனியர்கள் இலவசமாக எடுக்கிறார்கள். பெரிய வாதம் எதுவும் தேவையில்லை. அந்தக் கடிதத்தை எழுதத் தெரிந்த ஒருவர், அந்தக் குழந்தையின் அம்மா வந்து நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி உங்கள் முதல் கேள்வி: நிறுவனத்துக்கு என்ன லாபம்? லாபம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பெரிய நிறுவனத்தில் சேரும் ஜூனியர் பல வருஷம் கோர்ட்டில் வாய் திறக்க முடியாது. கோடிக்கணக்கான டாலர் வழக்கில் யாரும் அவரை எழுந்து பேச விடமாட்டார்கள். இலவச வழக்கில் அவரே கட்சிக்காரரைச் சந்திப்பார், சாட்சியை விசாரிப்பார், நீதிபதியின் கேள்விக்குப் பதில் சொல்வார். நிறுவனத்துக்கு அது பயிற்சி. நல்ல மாணவர்கள் வேலைக்குச் சேரும்போது இதைப் பற்றிக் கேட்கிறார்கள். சட்டத்துறைப் பத்திரிகைகள் இந்த மணி நேரத்தை எண்ணி நிறுவனங்களை வரிசைப்படுத்துகின்றன. இந்தக் காரணங்கள் இருப்பதால் வேலையின் மதிப்பு குறைந்துவிடாது என்பது என் எண்ணம். வீட்டைக் காலி செய்யாமல் தப்பித்த குடும்பத்துக்கு, வக்கீல் புண்ணியத்துக்கு வந்தாரா பயிற்சிக்கு வந்தாரா என்பது இரண்டாம்பட்சம். ஒழுங்காகப் படித்துவிட்டு வந்தாரா என்பதுதான் முதல்.

ஆனால் லாபக் கணக்கு ஒரு இடத்தில் ஏழைக்கு எதிராகத் திரும்புகிறது. பெரிய நிறுவனங்களின் கட்சிக்காரர்கள் வங்கிகள், கட்டட முதலாளிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பெரிய தொழிற்சாலைகள். ஏழையின் அன்றாட வழக்கோ பெரும்பாலும் இவர்களுக்கு எதிராகத்தான் இருக்கும். கடன் வசூல், கூலி பாக்கி, வாடகை. நேரடி மோதல் இல்லாவிட்டாலும், இப்படி ஒரு வழக்கை நாம் நடத்தினால் நம் கட்சிக்காரர் என்ன நினைப்பார் என்று தயங்குவார்கள். அதனால் அகதி வழக்குக்கும் மரண தண்டனை மேல்முறையீட்டுக்கும் ஆள் கிடைக்கும், கிரெடிட் கார்டு கடனில் சம்பளத்தைப் பிடித்துக்கொண்ட வழக்குக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். தேவை எங்கே அதிகமோ அங்கே போகாமல், சங்கடம் எங்கே குறைவோ அங்கே இந்த உதவி போகிறது. இதை அந்தத் துறையில் இருப்பவர்களே ஒத்துக்கொள்கிறார்கள்.

அமைப்பு உடைந்தால் என்ன ஆகும் என்று சொன்னேன் அல்லவா? அலபாமா மாநிலத்தில் கோரி மேப்பிள்ஸ் என்ற மரண தண்டனைக் கைதியின் வழக்கு. அந்த மாநிலத்தில் தண்டனைக்குப் பிந்தைய மனுவுக்கு வக்கீல் கிடைப்பது உறுதியில்லை. நியூயார்க்கின் பெரிய நிறுவனம் ஒன்றின் இரண்டு ஜூனியர்கள் இலவசமாக எடுத்தார்கள். முதல் விசாரணையில் அவருடைய வக்கீல்கள் சரியாக வாதாடவில்லை என்று மனுப் போட்டார்கள். 2002 கோடையில் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மேப்பிள்ஸிடம் சொல்லவில்லை, நீதிமன்றத்திடமும் சொல்லவில்லை. 2003 மே மாதம் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்து, உத்தரவைத் தபாலில் அனுப்பியது. நிறுவனத்தின் தபால் பிரிவு, அந்த ஆட்கள் இங்கே இல்லை என்று பிரிக்காமலே உறைகளைத் திருப்பி அனுப்பியது. பெயருக்கு வைத்திருந்த உள்ளூர் வக்கீலுக்கு ஒரு பிரதி வந்தது, அவர் எதுவும் செய்யவில்லை. மேல்முறையீட்டுக்கு இருந்த 42 நாள் ஓடிப்போனது. தனக்கு வக்கீல் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் சிறையில் ஒரு மனிதர் காத்திருந்தார். இந்த நிலையில் கெடு தவறியதற்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது, வக்கீல்களே அவரைக் கைவிட்டிருக்கிறார்கள் என்று 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று தீர்ப்பளித்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஏறக்குறைய ஒன்பது வருஷம்!

அந்த இரண்டு ஜூனியர்களும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கட்டணம் கொடுக்கும் வங்கியின் வழக்காக இருந்தால், வேலையை விட்டுப் போகும் முன் அந்தக் கட்டு இன்னொருவர் மேஜைக்குப் போயிருக்கும். பூ விற்ற அம்மா என்னிடம் கேட்டதும் இதைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025-ல் அதிபர் டிரம்ப், சில சட்ட நிறுவனங்களின் மேல் அவை எடுத்த வழக்குகளையும் வேலைக்கு வைத்த ஆட்களையும் காரணம் காட்டி உத்தரவுகள் போட்டார். அரசுக் கட்டடங்களுக்குள் அவர்கள் நுழைவதையே கட்டுப்படுத்தும் அளவுக்கு. நான்கு நிறுவனங்கள் வழக்குப் போட்டன, நான்கும் கீழமை நீதிமன்றத்தில் ஜெயித்தன. ஆனால் ஒன்பது நிறுவனங்கள் வழக்குப் போடாமல் உடன்பாடு செய்துகொண்டன. அரசும் தாங்களும் ஒத்துக்கொள்ளும் காரியங்களுக்காக, எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 94 கோடி டாலர் மதிப்புள்ள இலவசச் சட்ட வேலை செய்வதாக வாக்களித்தன. கிடியன் காலத்திலிருந்து இந்த வேலையின் உயிர், அரசுக்கு எதிரே தனியாக நிற்கும் மனிதனுக்குப் பக்கத்தில் போய் நிற்பதில் இருந்தது. யாருக்கு உதவுவது என்பதில் அரசுக்கும் கை உண்டு என்று ஆகும்போது, மணி நேரக் கணக்கு அப்படியே இருக்கும், அந்த உயிர் இருக்காது. எனக்கு இது மிகுந்த வருத்தம் தந்த செய்தி.

வழக்கு நடத்துவதைத் தவிர மற்ற தொண்டும் செய்கிறார்கள். பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பது, உணவுப் பொட்டலம் கட்டுவது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதிரி நீதிமன்றம் நடத்திப் பேசப் பழக்குவது. நல்லதுதான். ஆனால் சுவருக்கு வண்ணம் அடிக்க யாராலும் முடியும். ஒருவருக்கு உயில் எழுதிக் கொடுக்கவும், பழைய சின்னக் குற்றப் பதிவை அழிக்க மனு எழுதிக் கொடுக்கவும் சட்டம் தெரிந்த வக்கீல் வேண்டும். ஒரு சனிக்கிழமை நான்கு மணி நேரம் சமூகக் கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து இருபது பேருக்கு அந்த மனுக்களை எழுதிக் கொடுத்தால், அதில் சிலருக்கு வேலை கிடைக்கும் வழி திறக்கும். இரண்டுக்கும் நேரம் ஒன்றுதான் என்றால் நான் மேஜையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அப்புறம் நம் ஊர். இங்கே வழி வேறு. அமெரிக்காவில் சிவில் வழக்குக்கு இலவச வக்கீல் கேட்கும் பொதுவான உரிமை இல்லை, நிறுவனங்கள் ஓரளவு இடத்தை நிரப்புகின்றன. நம்மிடம் உரிமை எழுத்தில் இருக்கிறது. 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் அரசியல் சாசனத்தில் 39-ஏ பிரிவு வந்தது, பணமில்லாத காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அரசு இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று. 1979-ல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிய பத்திரிகைச் செய்தியை வைத்துக்கொண்டு கபிலா ஹிங்கோரானி என்ற வக்கீல் உச்ச நீதிமன்றம் போனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று பெயர். இலவச வக்கீல் என்பது ஏழையின் அடிப்படை உரிமையில் சேர்ந்தது என்று அந்த வழக்கில் தீர்ப்பானது. 1987-ல் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1995 நவம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. குற்ற வழக்கு, சிவில் வழக்கு இரண்டுக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு. இதைப் படிக்கும் எத்தனை பெண்களுக்கு, தான் மாதம் ஐம்பதாயிரம் சம்பாதித்தாலும் இந்த உரிமை தனக்கு உண்டு என்று தெரியும்? ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டாலும் வழிகாட்டுவார்கள். ஆதார், வழக்குத் தாள்கள் கையில் இருந்தால் போதும், ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் சொன்னால் அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

ஆக நம்மிடம் குறை சட்டத்தில் இல்லை, கவனத்தில். பட்டியல் வக்கீலுக்குக் கிடைக்கும் தொகை மிகக் குறைவு, அதுவும் தாமதமாக வரும். அதனால்தான் அந்தப் பையனுக்கு மூன்று வாய்தா போனது. 2022-ல் குற்ற வழக்குகளுக்காக, சொந்த வழக்கு எதுவும் எடுக்காமல் முழு நேரமும் இதையே பார்க்கும் வக்கீல்களைச் சம்பளத்துக்கு வைக்கும் திட்டம் வந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது. பகல் வேலையாக அதை மட்டும் செய்கிறவர் வாய்தாவை மறக்க மாட்டார்.

தனியார் வக்கீல்கள் தாங்களாகச் செய்வதும் நம்மிடம் உண்டு. இயன்ற வரை ஏழைக்கு இலவசமாக உதவுவது வக்கீலின் மிக உயர்ந்த கடமைகளில் ஒன்று என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. 1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில், பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு ஃபீஸ் வாங்காமல் வாதாடினார். இப்படி வெளியில் தெரியாமல் ஒவ்வொரு தாலுகா கோர்ட்டிலும் இரண்டு பேராவது இருப்பார்கள், எனக்கே தெரியும். ஆனால் இதெல்லாம் தனிமனிதர் செய்வது. அவர் படுத்துவிட்டால் அந்த வழக்கும் படுத்துவிடும். நிறுவனமாகச் செய்வது நம்மிடம் குறைவு. பெரிய நிறுவனங்கள் மும்பையிலும் டெல்லியிலும் கம்பெனி வேலை பார்க்கின்றன. லாபத்தில் ஒரு பங்கைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்ற கம்பெனிச் சட்ட விதி, கூட்டாண்மையாக இயங்கும் சட்ட நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது. நம் மாவட்டங்களிலோ ஒரு சீனியர், இரண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா, இதுதான் ஆபீஸ். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொந்தச் சாப்பாட்டுக்கே சீனியர் முகத்தைப் பார்க்கும் பிள்ளையிடம் வருஷத்துக்கு 50 மணி நேரம் இலவசமாகக் கேட்பது எப்படி? முதலில் ஜூனியருக்குச் சம்பளம், பிறகு அவருடைய சனிக்கிழமை. நாலைந்து ஆபீஸ்கள் சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை, சட்டப் பணிகள் அலுவலகம் அனுப்பும் ஆட்களை முறைவைத்துப் பார்த்தால், ஒருவர் இல்லாவிட்டாலும் இன்னொருவர் கட்டைத் திறப்பார். இதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை.

உங்கள் மகளுக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். வழக்கை எடுத்த வாரத்திலேயே கட்சிக்காரரை அவர் இருக்கும் இடத்தில் போய்ப் பார்க்கட்டும், அது சிறையாக இருந்தாலும், அகதி முகாமாக இருந்தாலும். அவர் பேசும் மொழி இவளுக்குத் தெரியாவிட்டால், வீட்டுப் பிள்ளையை வைத்து மொழிபெயர்க்காமல் நிறுவனத்திடம் மொழிபெயர்ப்பாளர் கேட்கட்டும். இலங்கையிலிருந்து வந்த தமிழர் யாராவது அகதி விண்ணப்பத்தோடு வந்தால், தமிழ் தெரிந்த இவளே முன்வந்து கேட்டு வாங்கட்டும். ஒரு சொல்லைத் தப்பாக மொழிபெயர்த்ததால் வாக்குமூலம் முரணாகிப் போகும் ஆபத்து அந்த வழக்குகளில் அதிகம். மூன்றாவது, வேலை மாறும்போது தன் பெயரில் உள்ள இலவச வழக்குகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்த கெடு தேதியையும் இனிமேல் பார்க்கப்போகிறவர் பெயரையும் எழுதி, நீதிமன்றத்துக்கும் கட்சிக்காரருக்கும் கடிதம் போட்ட பிறகே அலுவலக அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கட்டும்.